நிற்கச் சொன்ன தண்ணீர்

என் அப்பா இடுப்புவரை சேற்றில் புதைந்து நின்றார். அவருக்குப் பின்னால், கடலோரச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் பாக்காவ் மரங்களுக்கு அப்பால், இறங்கிப் போயிருந்த கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு உயரம் வரும் என்று அங்கே நின்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துச் சுவரில் அந்த அளவைக் காட்டும் கோட்டுக்குச் சிவப்புச் சாயம் அடித்தவளே நான்தான். கோடு அப்பாவின் தலைக்கு மேலே இருந்தது.

அன்பான சகோதர சகோதரிகளே, சபையில் யாராவது சாட்சி சொல்லுங்கள் என்றால் சட்டென்று எழுந்துவிடும் ஆள் நான். பேசுவது எனக்கு ஒரு கஷ்டமே இல்லை. இந்த ஒன்றை மட்டும் பல வருடம் தள்ளிப்போட்டேன். ஆனால் கர்த்தர் செய்ததைப் பெட்டியில் பூட்டிவைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1986-ஆம் ஆண்டு. நான் விவசாயக் கல்லூரியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். நீண்ட விடுமுறையில் எல்லாரும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பிராக்டிக்கல் செய்தாக வேண்டும். எனக்குக் கிடைத்தது கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில், கடலை ஒட்டியிருந்த, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. எங்கள் வீடு உள்ளே ஈஜோக் பக்கம். அங்கே வேறொரு தோட்டத்தில் என் அப்பா சாமுவேல் டிராக்டர் ஓட்டினார். தினம் பஸ் ஏறி வந்து போக முடியாது என்பதால், கடலோரத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் ஆறுமுகம் அண்ணன் வீட்டில் என்னைத் தங்கவைத்தார்கள். டிராக்டர்காரருக்கு டிராக்டர்காரர் பழக்கம். அண்ணனும் அவர் மனைவி கனகா அக்காவும் இந்துக்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கென்று ஒரு வாளி தண்ணீர் பிடித்துவைப்பார் அக்கா, நான் ஆராதனைக்கு நேரத்தோடு கிளம்ப வேண்டுமே என்று.

கடல் ஏறும் நேரத்தில் அந்தத் தோட்டம் கடலைவிடத் தாழ்வாகக் கிடக்கும். நீளமாக ஒரு மண்கரை போட்டுக் கடலைத் தடுத்திருந்தார்கள். பண்டு என்பார்கள். பண்டில் ஓர் இடத்தில் மட்டும் கான்கிரீட் சுவர் கட்டி, இரும்புக் கதவு வைத்திருந்தார்கள். அதுதான் வாட்டர்கேட். மழைக்காலத்தில் கடல் இறங்கும்போது கதவைத் தூக்கி, தோட்டத்துத் தண்ணீரை வெளியே விடுவார்கள். வெயில் காலத்தில் செம்பனைக்குத் தண்ணீர் வேண்டும் என்று கதவை இறக்கியே வைத்திருப்பார்கள். நான் போனது வெயில் காலம். உட்பக்கம் கறுத்த தண்ணீர் அசையாமல் நிற்கும். வெளிப்பக்கம் கடல் ஏறும், இறங்கும். இறங்கினால் வெறும் சேறு.

தோட்டத்து அதிகாரி எனக்குக் கொடுத்த முதல் வேலை, கேட்டின் வெளிச்சுவரில் அழிந்துபோயிருந்த அளவுக் கோடுகளுக்குப் புதுச் சாயம் அடிப்பது. எல்லாம் கறுப்புக் கோடு, மேலே ஒன்று மட்டும் சிவப்பு. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிக் கடல் அதுவரை வரும் என்றார். நான் ஏணியில் நின்றுகொண்டு கீழே பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அமாவாசை கழிந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது சிவப்புக் கோடு நனைந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அங்கே வேலை இருந்தால் சீக்கிரம் முடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

அதே வாரம் பண்டுக்கு வெளியே மேயப் போன ஒரு பசு சேற்றில் மாட்டிக்கொண்டது. தோட்டத்தில் எது மாட்டினாலும் ஒரே வைத்தியம்தான். டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுப்பார்கள். பழக்குலை ஏற்றிய டிரெய்லர், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியின் கார், மழையில் புதைந்த லோரி, எல்லாம் அப்படித்தான் வெளியே வரும். பசுவுக்கும் கயிறு கட்டினார்கள். ஆறுமுகம் அண்ணன்தான் டிராக்டரை எடுத்தார். பசு வெளியே வந்தது, ஆனால் எழுந்து நிற்கவில்லை. இடுப்பு உடைந்துவிட்டது. அது கத்தவும் இல்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சாயங்காலத்துக்குள் அதன் கதை முடிந்தது. அன்று அண்ணன் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஞாயிறு வந்தால்தான் எனக்கு உயிர் வரும். அப்பா தன் நண்பரின் பழைய வேனை இரவல் வாங்கிக்கொண்டு அம்மாவையும் தங்கை ரூத்தையும் ஏற்றி வருவார். கோலா சிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் சபை கூடும். ஆராதனை முடிந்தால் ஊர்சுற்றல். ஒரு ஞாயிறு புக்கிட் மலாவத்திக் குன்றில் ஒரு குரங்கு அம்மாவின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு மரம் ஏறிவிட்டது. அம்மா அசையவே இல்லை. "போவட்டும் விடு, உள்ள வெறும் சீப்புதான் இருக்கு. அதுக்குத்தான் தேவ" என்றார். இன்னொரு ஞாயிறு ஜெராம் கடற்கரை. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, பெரிய கப்பல் மாலுமிபோல் தூரத்தைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. கடல் எங்களுக்குப் பார்க்கிற பொருள், அவ்வளவுதான்.

என் ஜெபத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி ஜெபக்குழுவில் நான்தான் முன்னால் நிற்பேன். என் ஜெபம் வேண்டிக்கொள்வதுபோல் இருக்காது, வேலை சொல்வதுபோல் இருக்கும். என்ன வேண்டும், எப்படி வேண்டும், எப்போது வேண்டும் என்று ஆண்டவருக்கு எதையும் விட்டுவைக்காமல் சொல்லிவிடுவேன். அதுதான் விசுவாசம் என்று நம்பினேன். அப்பாவுக்கு இது ஒரே சிரிப்பு. "எங்க மேனேஜர்கூட எங்கிட்ட இப்படி ஆர்டர் போட மாட்டாருலா" என்பார்.

ஜூன் மாதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. உலகக் கிண்ணக் கால்பந்து நடந்துகொண்டிருந்த சமயம். கிராணி வீட்டு டிவியில் விடிய விடியப் பந்து பார்த்துவிட்டு ஆறுமுகம் அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து நாங்கள் தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்தபோது கனகா அக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"இவ வேல செய்யிற எடத்த பாக்கணும்னு சின்னவ ஒரே அடம். கேட்டுக்குத்தான்" என்றார் அப்பா.

"இன்னிக்கி வேணாமுங்க. பௌர்ணமி. தண்ணி ஏறுற நாளு. நாங்க யாரும் அந்தப் பக்கம் போவ மாட்டோம்."

"தண்ணி ஏற சாயங்காலம் ஆவும்தானே. நாங்க சோறு சாப்புட்டுட்டு ஓடியாந்துருவோம்."

அது உண்மைதான். உச்சி வேளையில் கடல் எவ்வளவோ தூரம் இறங்கியிருக்கும். எங்களுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அக்கா மட்டும் வேன் திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

கேட்டருகே, பண்டின் மேல் ஒரு மரத்தடியில் பாயை விரித்தோம். அம்மா புளிச்சோறும் கருவாட்டுச் சம்பாலும் கொண்டுவந்திருந்தார். காற்றே இல்லை. சேறு வெயிலில் பளபளத்தது, மீனும் அழுகலும் கலந்த ஒரு வாடை வந்தது. ரூத் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்புட்டு ஒசரமா வரும்?" என்றாள். வரும் என்றேன். அவள் பாயை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டாள்.

கேட்டின் வெளிப்பக்கத்துக் குட்டைகளில் கடல் இறங்கும்போது மீன்கள் மாட்டிக்கொள்ளும். அந்தத் தோட்டத்து ஆட்கள் கான்கிரீட் தளத்தில் நின்றபடி நீளக்கம்பு கட்டிய வலையால் அள்ளுவார்கள். ஒருவரும் இறங்க மாட்டார்கள். ஆனால் அப்பா உள்நாட்டுத் தோட்டத்துக்காரர். எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் எங்கே இறங்கினாலும் முழங்காலுக்குள் தரை தட்டும். வாழ்க்கை முழுவதும் அப்படித் தட்டிய கால் அவருக்கு. ஒரு குட்டையில் பெரிய கொடுவா மீன் ஒன்று துள்ளுவதைக் கண்டார். கைலியை மடித்துக் கட்டினார்.

"அப்பா, வேணாம். போன மாசம் மாடு மாட்டிக்கிச்சின்னு சொன்னேன்தானே" என்றேன்.

"மாட்டுக்கு நாலு காலு, மாட்டிக்கிச்சி. எனக்கு ரெண்டுதானே" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முதல் அடியில் கணுக்கால் போனது. இரண்டாவது அடியில் முழங்கால். சிரித்துக்கொண்டேதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது அடியில் தொடைவரை இறங்கினார், சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு காலை எடுக்க மற்ற காலை ஊன்றினார், அதுவும் இறங்கியது. இடுப்பு வந்ததும் அசையாமல் நின்றார். வாய்க்காலை ஆழப்படுத்த அங்கே எக்ஸ்கவேட்டர் வைத்துத் தோண்டியிருந்தார்கள் என்பதும், தோண்டிய பள்ளத்தில் புதுச் சேறு வந்து மட்டமாகப் படிந்திருந்தது என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

"பயப்புடாதீங்க" என்றார் அப்பா. "ரூத்து, ஓடு. ஆறுமுகத்த டிராக்டரோட வரச் சொல்லு. கயிறும் எடுத்துட்டு வரச் சொல்லு."

டிராக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இடுப்பு உடைந்த அந்தப் பசுதான் ஞாபகத்துக்கு வந்தது.

வேன் ஓட்ட அப்பாவைத் தவிர எங்களில் யாருக்கும் தெரியாது. ரூத் பண்டின் மேல் ஓடினாள். லயம் கிட்டத்தில் இல்லை. பழக்குலை தள்ளுவண்டி வாய்க்காலைக் கடக்கப் போட்டிருந்த நீளப் பலகைகள் இரண்டை நானும் அம்மாவும் இழுத்து வந்தோம். அவற்றைச் சேற்றின் மேல் அப்பாவை நோக்கித் தள்ளினோம். நான் குப்புறப் படுத்துத் தவழ்ந்து போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். இழுத்தேன். சுவரை இழுப்பதுபோல் இருந்தது. கீழே யாரோ கணுக்காலைக் கட்டிப்போட்டிருப்பதுபோல் இருக்கிறது என்றார். அம்மா கான்கிரீட் தளத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நேரம் போனது. முதலில் நண்டுகள் காணாமல் போயின. சேற்றில் துள்ளிக்கொண்டிருந்த சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். அலை இல்லை, சத்தம் இல்லை. மேசையில் கொட்டிய தேத்தண்ணி பரவுவதுபோல் மரவேர்களுக்கு நடுவே மெல்லப் பரவி வந்தது. அப்பாவுக்கு முதுகுப்புறம் அது. அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

டிராக்டர் வந்தபோது தண்ணீர் அப்பாவைச் சுற்றி வளைத்துவிட்டது. அண்ணனோடு ரூத்தும் கனகா அக்காவும் வந்திருந்தார்கள். நான் கயிற்றை வாங்கிக்கொண்டு போய், அப்பாவின் அக்குளுக்குக் கீழே சாக்கைச் சுற்றி, அதன் மேல் கட்டினேன். மறுமுனையை அண்ணன் டிராக்டரில் மாட்டினார்.

"மெதுவா எடு ஆறுமுகம். மொதோ கியரு. கிளட்ச்ச பட்டுனு விட்டுறாத" என்று சேற்றிலிருந்தபடி வேலை சொன்னார் அப்பா. எத்தனையோ வண்டிகளை அப்படி இழுத்தவர் அவர். தன்னையும் ஒரு வண்டியாகத்தான் நினைத்தார்.

கயிறு இறுகியது. அப்பாவின் தோள்கள் காதுவரை ஏறின. உடம்பு மேலே நீண்டது, கீழே ஒன்றும் வரவில்லை. பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. என் அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அண்ணன் உடனே நிறுத்திவிட்டார். இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது. அப்பாவின் முகம் சாம்பல் பூத்துப்போனது.

"இன்னொரு வாட்டி இழுத்துப் பாத்துருவோம்" என்று அம்மாவிடம் சொன்னார் அண்ணன். அவர் கண்ணில் நீர் நின்றது. "தண்ணி இன்னும் ஏறிருச்சின்னா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாதுக்கா."

என் அம்மா அதிகம் பேசாதவர். எழுந்து போய் டிராக்டருக்கு முன்னால் நின்றார். இன்ஜினின் சூட்டுக் காற்றில் சேலை பறந்தது.

"வேணாம் தம்பி. அந்த மாட்ட இழுத்த மாதிரி எம் புருசன இழுத்துக் குடுத்துறாதீங்க. உயிரோட நிக்கிறாரு. நிக்கட்டும்."

அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். அந்த மாட்டை அவரும்தான் மறக்கவில்லை. இன்ஜின் ஓய்ந்ததும் தண்ணீர் சுவரில் தட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மனிதன் செய்யக்கூடியது எல்லாம் அத்தோடு தீர்ந்துபோனது.

அப்போதுதான் நான் பலகையின் மேல் முழங்கால்போட்டு எழுந்தேன். செங்கடல் விலகியது, யோர்தான் நின்றது, எல்லாம் ஞாபகம் வந்தது. கையை நீட்டினேன். "இயேசுவின் நாமத்துல சொல்றேன், தண்ணி இதுக்கு மேல வரக் கூடாது" என்று கத்தினேன். அந்த மாதிரி ஒரு ஜெபம் நான் அதற்கு முன் செய்ததில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னேன். தண்ணீர் நிற்கும் என்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் நிற்கவில்லை. ஒரு கறுப்புக் கோடு மறைந்தது. மறுபடியும் சொன்னேன், இன்னும் உரக்கச் சொன்னேன். அடுத்த கோடும் மறைந்தது. என் கையால் நான் போட்ட கோடுகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் மூழ்கின. பண்டின் மேல் கனகா அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துத் தன் சாமியைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார். அம்மா சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். ஆண்டவர் என் பேச்சைக் கேட்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டிருந்தால் தண்ணீர் நின்றிருக்கும்.

நெஞ்சுவரை வந்துவிட்டது. பலகை மிதக்கத் தொடங்கியது. நான் அதன் மேல் படுத்து அப்பாவின் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"வேன நாளைக்கே திருப்பிக் குடுத்துருங்க" என்றார் அப்பா. "எண்ண ஊத்திக் குடுங்க. காலியா குடுக்காதீங்க."

"சரிப்பா."

"ரூத்த இங்க நிக்க விடாத. வேனுக்குள்ள போயி உக்காரச் சொல்லு."

நான் ரூத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் போகவில்லை. எனக்கு ஜெபிக்க வார்த்தை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்டவரிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "ஆண்டவரே, எங்க அப்பா" என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அது ஜெபமா, அழுகையா, எனக்கே தெரியாது.

தண்ணீர் கழுத்தைத் தொட்டபோது அப்பா கண்ணை அகலத் திறந்தார்.

"கால் வெரலு ஆடுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சாகப்போகிறவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.

"வெரலு ஆடுதும்மா. சேறு எளகுது. கஞ்சி மாரி இருக்கு."

இறுகப் பிடித்திருந்த சேற்றுக்குள் கடல்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா பாதத்தை ஆட்டினார். ஆட்ட ஆட்ட இன்னும் தண்ணீர் இறங்கியது. தண்ணீரே அவர் உடம்பையும் மேலே தூக்கியது. இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை விடுவித்தார். அதற்குள் தண்ணீர் வாய்க்கு வந்துவிட்டது. அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தேன். மூக்கு மட்டும் வெளியே இருந்தது. ஒரு தடவை அதுவும் உள்ளே போனது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். என் ஆயுசிலேயே நீளமான நேரம் அதுதான். பிறகு அப்பா முழுசாக மேலே வந்தார். மல்லாந்து, ஒரு மரக்கட்டைபோல், என் பக்கத்தில் மிதந்தார்.

"கையால இழுங்க, டிராக்டர் வேணாம்" என்று அம்மா குரல் கொடுத்தார். அண்ணனும் அக்காவும் அம்மாவும் ரூத்தும் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தார்கள். அப்பா தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தார். மதியம் முழுக்க ஒருவராலும் அசைக்க முடியாத மனிதர், ஒரு குழந்தையைத் தொட்டிலோடு இழுப்பதுபோல் சுளுவாகக் கரைக்கு வந்துசேர்ந்தார். நானும் பலகையைக் கட்டிக்கொண்டே வந்தேன். அவரைப் பண்டின் மேல் கிடத்தியபோது ஆறுமுகம் அண்ணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணன் அழுததைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் அழுதோம்.

கடல் அதன் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் கிளம்பும்போது சிவப்புக் கோடும் தண்ணீருக்குள் போயிருந்தது. அண்ணனே வேனை ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவைப் படுக்கவைத்து, இடுப்பு உடையவில்லை, தசைதான் கிழிந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் நான் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன். எனக்கு ஒன்று உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. "அப்பா, நான் அவ்ளோ ஜெபிச்சேன். ஆண்டவர் ஏன் தண்ணிய நிறுத்தல?" என்று கேட்டேன்.

அப்பா வலியோடேயே சிரித்தார்.

"ஒஞ் ஜெபத்த மட்டும் அவரு கேட்டிருந்தார்னா, நான் இந்நேரம் அங்கயே காஞ்சிபோயி நின்னுக்கிட்டு இருப்பேன்லா."

நான் சிரிக்கவில்லை. தலையைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டேன். எந்தத் தண்ணீர் வரவே கூடாது என்று நான் கையை நீட்டிக் கத்தினேனோ, அந்தத் தண்ணீரைத்தான் ஆண்டவர் அனுப்பிக்கொண்டிருந்தார். என் கட்டளைக்கு அவர் கீழ்ப்படிந்திருந்தால் அப்பாவுக்கு விடுதலையே இல்லை. சேறு நீர் ஊறினால் இளகும், அது இயற்கை என்று பிற்பாடு கல்லூரியில் ஒருவர் விளக்கினார். இளகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. யாருடைய கை அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பா கொஞ்சம் நொண்டினார். ஆனால் மறுபடியும் டிராக்டர் ஏறினார். என் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்து நொண்டிக்கொண்டே நடத்திக்கொண்டு போனவர் அவர்தான். ஆறுமுகம் அண்ணனும் கனகா அக்காவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லா வெள்ளமும் ஆளைத் தூக்கிக் கரையில் விட்டுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மா நோயில் படுத்தபோது அதே ஆண்டவரிடம்தான் அழுதேன். அம்மா பிழைக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததுபோல் நடிக்கவும் மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் அவரை விட்டு நான் ஓடிப்போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, "ஆண்டவரே, எங்க அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் இருந்தார். அதற்கு நான் சாட்சி.

இன்றைக்கு உங்களில் யாராவது கழுத்தளவு தண்ணீரில் நிற்கலாம். எது வரக் கூடாது என்று உபவாசம் இருந்து கேட்டீர்களோ, அது வாசலுக்கே வந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பலகையின் மேல் நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். உங்கள் ஆளின் பெயரை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். எப்படிக் காப்பாற்றுவது என்பதை அவரிடமே விட்டுவிட்டு, பிடித்த கையை மட்டும் விடாதீர்கள். அப்பாவின் தாடையை ஏந்தியிருந்த என் கையை நான் விடவில்லை. அன்று நான் செய்த உருப்படியான ஜெபம் அது ஒன்றுதான்.